வேலியில ஏறுற மஞ்சள் பூ பயறுக்கொடி: பூவை மட்டும் பாத்தா ஏன் பத்தாது

கேள்வியை நான் புரிஞ்சுக்கிட்ட மாதிரி முதல்ல திருப்பிச் சொல்லிடறேன். வேளச்சேரியில உங்க வீட்டுக்குப் பக்கத்து காலி மனையோட கம்பி வேலியில, ஐப்பசி மழைக்கு அப்புறம் ஒரு கொடி ஏறியிருக்கு. மூணு மூணா இலை, சின்ன மஞ்சள் பூ, மெலிசா நீளமா காய். ரெண்டு போட்டோ போட்டிருக்கீங்க, ஒண்ணு பூ, ஒண்ணு காய். மொபைல் ஆப்ல போட்டா ஒரு தடவை பாசிப்பயறுங்குது, அடுத்த தடவை வேற ஏதோ பேர் சொல்லுது. இது காட்டுப் பாசிப்பயறா, விதை எடுத்து மாடியில போடலாமா, சாப்பிடலாமான்னு கேட்டிருக்கீங்க. பேர் கேக்கற கேள்வி மாதிரி இருந்தாலும் உண்மையில நீங்க கேக்கறது ரெண்டு விஷயம்: இந்த மாதிரி கொடிகளை எதை வெச்சுப் பிரிக்கறது, பிரிச்ச அப்புறம் அதை நம்பி வீட்டுக்குக் கொண்டு வரலாமா.

நான் காலேஜ்ல பாட்டனி நடத்தினவன், வகைப்பாட்டியல்தான் எனக்குக் குடுத்த பேப்பர், பசங்களை கிண்டி, நன்மங்கலம், தாம்பரம்னு இழுத்துட்டுப் போய் செடி சேகரிச்சு பேப்பர்ல அழுத்தி ஒட்ட வெச்ச ஆள். அந்தப் பழக்கத்துல சொல்றேன், இந்தக் கூட்டத்துல மஞ்சள் பூங்கறதுதான் இருக்கறதுலயே உதவாத அடையாளம், ஏன்னா நம்ம ஊர்ல மஞ்சளா பூக்கற பயறு ஜாதிக் கொடி குறைஞ்சது நாலஞ்சு இருக்கு, எல்லாத்துக்கும் மூணு இலைதான், ரெண்டடி தள்ளி நின்னு பாத்தா எல்லாம் ஒண்ணுதான். எல்லாரும் பூவைத்தான் போட்டோ எடுக்கறாங்க, நீங்களும் அதான் செஞ்சிருக்கீங்க, தப்பு இல்ல. ஆனா பதில் பூவுக்கு வெளியில இருந்து ஆரம்பிக்குது: இலைக்காம்பு தண்டோட சேர்ற இடம், இலையோட அடிப்பக்கம், காயோட நீளமும் ரோமமும். அப்புறம்தான் பூ, அதுவும் அதைப் பிரிச்சுப் பாத்தா மட்டும்தான்.

முதல் வேலை, இது பயறுக் குடும்பம்தானான்னு பாக்கறது. சென்னை வேலிகள்ல மஞ்சள் பூவோட அதிகமா ஏறி நிக்கறது முசுமுசுக்கை, அது பூசணிக் குடும்பம், அதுக்கு ஸ்பிரிங் மாதிரி சுருண்ட பற்றுக்கம்பி இருக்கும், இலை ஒத்தை இலை, தொட்டா சொரசொரன்னு இருக்கும், பூவுல அஞ்சு இதழும் ஒரே அளவு. உங்க கொடியில பற்றுக்கம்பி கிடையாது, தண்டே கம்பியைச் சுத்திப் பின்னிக்கிட்டு போகுது, உங்க காய் போட்டோவோட ஓரத்துல அது நல்லாவே தெரியுது. இந்த மாதிரி பின்னுகொடிகள் பெரும்பாலும் மேலேயிருந்து பாத்தா கடிகாரம் சுத்தறதுக்கு எதிர்ப்பக்கமாத்தான் சுத்தும், அவரையும் அப்படித்தான், சங்குப்பூவும் அப்படித்தான், அதனால அந்தச் சுத்தை வெச்சு எதையும் பிரிக்க முடியாது, விட்டுடுங்க. கழற்சிக்காயும் மஞ்சளா பூத்து ஏறும், அதுவும் பயறுக் குடும்பம்தான், ஆனா தண்டு இலை காய் எல்லாத்துலயும் முள்ளு, பூவும் இந்த மாதிரி படகு வெச்ச பூ இல்ல, அதனால குழப்பமே வராது. கிலுகிலுப்பையும் பளிச்சுன்னு மஞ்சள்தான், ஆனா நம்ம ஊர்ல பாக்கற அந்தச் செடிகள்ல பெரும்பாலும் நிமிந்து நிக்கும், காய் ஊதின பை மாதிரி இருக்கும், காஞ்சா உள்ள விதை ஆடற சத்தம் கேக்கும்.

இப்ப பூவுக்கு வருவோம். பள்ளிக்கூடத்துல படிச்சிருப்பீங்க, வண்ணத்துப்பூச்சி வடிவப் பூ, பின்னாடி பெருசா ஒரு கொடி இதழ், பக்கத்துக்கு ஒண்ணா ரெண்டு சிறகு இதழ், முன்னாடி ரெண்டு இதழ் ஒட்டிக்கிட்டு ஒரு படகு. படகுக்கு உள்ள பத்து மகரந்தத்தாள், ஒன்பது ஒரு கட்டா சேந்திருக்கும், பத்தாவது தனியா நிக்கும். இதுவரைக்கும் இந்தக் கொடிகள் எல்லாத்துக்கும் பொது. வித்தியாசம் படகுல இருக்கு. காலையில எட்டு மணிக்குள்ள ஒரு பூவைப் பறிச்சு, வெயில் ஏறினா சுருங்கிடும், சிறகு இதழ் ரெண்டையும் ஊசியால மெல்ல ஒதுக்குங்க. படகு நேரா முன்னாடி பாத்து நிக்காம ஒரு பக்கமா முறுக்கிக்கிட்டு, நுனி மூக்கு மாதிரி வளைஞ்சு, இடது பக்க படகு இதழ்ல மட்டும் சின்னதா ஒரு கொம்பு, இல்லன்னா பைன்னு சொல்லலாம், துருத்திக்கிட்டு நிக்கும். அந்தக் கொம்பு இருந்தா அது பாசிப்பயறு, உளுந்து, நரிப்பயறு, துலுக்கப்பயறு எல்லாம் சேந்த ஆசியப் பயறுக் கூட்டம், விக்னாங்கற பேரினத்துல (நெருங்கின சொந்தமான சிற்றினங்களோட கூட்டம்) செரடோட்ராபிஸ்னு ஒரு துணைப் பேரினம், கிட்டத்தட்ட இருபது சிற்றினம் இருக்கு, பெரும்பாலும் மஞ்சள் பூதான். படகை இன்னும் பிரிச்சா சூலகத்தண்டு தெரியும், சூலகமுடி நுனியில இல்லாம கொஞ்சம் பக்கவாட்டுல இருக்கும், அதைத் தாண்டி தண்டோட நுனி அலகு மாதிரி நீண்டிருக்கும். இதுக்கு பத்து மடங்கு கை லென்ஸ் வேணும். காராமணியும் விக்னாதான், ஆனா அதோட படகுல இந்த முறுக்கும் கொம்பும் கிடையாது.

பூவே கிடைக்கலன்னாலும் பரவால்ல, இலையடிச் செதில் போதும். இலைக்காம்பு தண்டுல சேர்ற இடத்துல ரெண்டு பக்கமும் சின்னதா பச்சைச் செதில் இருக்கும் பாருங்க. மத்த கொடிகள்ல அது அடியில ஒட்டிக்கிட்டு மேல்நோக்கி நிக்கும், அவ்வளவுதான். இந்த ஆசியப் பயறுகள்ல செதில் அடியில ஒட்டாம, தாமரை இலைக்குக் காம்பு நடுவுல சேர்ற மாதிரி, தன் உடம்போட நடுப்பக்கத்துல ஒட்டியிருக்கும், அதனால ஒட்டின இடத்துக்குக் கீழயும் ஒரு துண்டு தொங்கும். நரிப்பயறுல இது நல்லா பெருசா முட்டை வடிவத்துல இருக்கும், கண்ணாலயே தெரியும், லென்ஸ் கூட வேணாம். இந்த ஒரு அடையாளத்தைக் காட்டிக் குடுத்துட்டா ஃபர்ஸ்ட் இயர் பசங்க கூட வேலியில நின்னுக்கிட்டே பயறு எது பயறு இல்லாதது எதுன்னு பிரிச்சுடுவாங்க, ஆனா இதை யாருமே போட்டோ எடுக்கறதில்ல.

அடுத்தது இலையோட அடிப்பக்கம். இலையைத் திருப்பி வெளிச்சத்துக்கு எதிர்ல பிடிங்க. மஞ்சளா பளபளன்னு புள்ளி புள்ளியா சுரப்பி தெரிஞ்சா அது பாசிப்பயறு பக்கமே இல்ல, துவரைக் கூட்டம். துவரம்பருப்புச் செடி இலையைக் கசக்கினா ஒரு பிசின் வாசனை வருமே, அதே புள்ளிகள்தான் அதுக்குக் காரணம். இந்தக் கூட்டத்துல நம்ம பக்கம் சகஜமா கிடைக்கறது ரைங்கோசியா மினிமா. தண்டு நூல் மாதிரி மெலிசு, இலை சாய்சதுரமா சின்னது, பூ ஒரு சென்டிமீட்டர் கூட இருக்காது, கொடி இதழோட வெளிப்பக்கத்துல செம்பழுப்புக் கோடு ஓடியிருக்கும். காய் ஒண்ணு ரெண்டு சென்டிமீட்டர்தான், தட்டையா லேசா வளைஞ்சு, உள்ள ரெண்டே விதை. காய் முத்தியிருந்தா இதுல சந்தேகமே வேணாம், ரெண்டு விதைக்கு மேல எண்ணினீங்கன்னா அது ரைங்கோசியா இல்ல. இன்னொண்ணு கஜானஸ் ஸ்காரபியாய்டிஸ், துவரையோட காட்டுச் சொந்தம், பழைய புத்தகங்கள்ல அட்டிலோசியான்னு இருக்கும். இலை தடிப்பா வெல்வெட் மாதிரி, நுனி உருண்டையா இருக்கும், காய் முழுக்க ரோமம், விதைக்கும் விதைக்கும் நடுவுல குறுக்கே அமுங்கின கோடு தெரியும், விதையில வெள்ளையா ஒரு சதைத் துண்டு ஒட்டியிருக்கும். சும்மா களைன்னு நினைச்சுடாதீங்க, துவரையில கலப்பின விதை உண்டாக்க ஆண் மலட்டுத் தன்மை, அதாவது மகரந்தம் வேலை செய்யாத செடி, வேணும், அதுக்கு இந்தக் காட்டுக் கொடியோட சைட்டோபிளாசத்தை, அதாவது செல்லுல கருவுக்கு வெளியில இருக்கற பகுதியை, எடுத்துப் பயன்படுத்தியிருக்காங்க.

உங்க காய் போட்டோவுல காய் உருளையா, மெலிசா, பக்கத்துல இருக்கற உங்க விரலை வெச்சு கணக்குப் போட்டா நாலு சென்டிமீட்டர் சுமார், உள்ள எட்டுப் பத்து விதை மேடு தெரியுது. அதனால துவரைக் கூட்டம் ரெண்டும் கழண்டுடுச்சு. இதை உறுதியாவே சொல்றேன், உங்க கொடி விக்னா. இதுக்கு மேல சொல்றதெல்லாம் கணிப்பு.

விக்னாவுக்குள்ள நம்ம பக்கத்துக்கு யோசிக்க வேண்டியது நாலு. நரிப்பயறு, விக்னா ட்ரைலோபேட்டா, சிற்றிலை, அதாவது அந்த மூணு இலையில ஒவ்வொண்ணும், மூணு மடலா பிரிஞ்சிருக்கும், நடு மடல் நுனியில அகலமா இருக்கும், பூக்காம்பு இலையைத் தாண்டி நீளமா வந்து நுனியில மட்டும் நாலஞ்சு பூ கொத்தா நிக்கும், காய் கிட்டத்தட்ட வழவழன்னு இருக்கும். துலுக்கப்பயறு, விக்னா அகோனிடிஃபோலியா, இலை இன்னும் ஆழமா குறுகலா வெட்டுப்பட்டிருக்கும், இலையடிச் செதிலும் ஒடுக்கமா ஈட்டி மாதிரி. காட்டுப் பாசிப்பயறு, விக்னா ரேடியேட்டா வகை சப்லோபேட்டா, இலை முழுசா இருக்கலாம், லேசா மடல் விட்டும் இருக்கலாம், ஆனா தண்டுல பழுப்பு ரோமம் நல்லா விரிஞ்சு நிக்கும், காயிலயும் குட்டை ரோமம் இருக்கும், காய் பக்கவாட்டுலயோ கீழ்நோக்கியோ விரிஞ்சிருக்கும், முத்தினா கறுக்கும். காட்டு உளுந்து, விக்னா முங்கோ வகை சில்வெஸ்ட்ரிஸ், காய் நிமிந்து நிக்கும், ரோமம் நீளம். இந்தக் கடைசி வித்தியாசம் வயல்ல பயிர் பண்ற உளுந்துலயும் பாசிப்பயறுலயும் அப்படியே இருக்கு, விதையில பாத்தாலும் உளுந்தோட விதைத்தழும்பு, அதாவது விதை காயோட ஒட்டியிருந்த இடம், விளிம்பு தூக்கி நடுவுல குழிஞ்சிருக்கும், பாசிப்பயறுல தட்டையா இருக்கும், சமையலறை டப்பாவுல இருந்து ரெண்டும் எடுத்து லென்ஸ்ல பாருங்க, இப்பவே தெரியும்.

உங்க பூ போட்டோவுல பின்னாடி மங்கலா தெரியற ஒரு இலையில மடல் பிரிஞ்ச மாதிரி இருக்கு, பூவும் நீளக் காம்போட நுனியில கொத்தா நிக்குது. அதனால என் கணிப்பு நரிப்பயறு. ஆனா ஒரு தயக்கம் இருக்கு. நரிப்பயறு பெரும்பாலும் தரையில படர்ற கொடி, ஆதாரம் கிடைச்சா கொஞ்சம் ஏறும், உங்க வேலியில அது இடுப்பு உயரத்துக்கு மேல போயிருக்குன்னு சொல்றீங்க. அந்த ஏறற குணம் காட்டுப் பாசிப்பயறுக்குத்தான் அதிகம் பொருந்தும். தண்டு ரோமம் எந்தப் போட்டோவுலயும் ஃபோகஸ்ல இல்ல, அதைப் பாக்காம நான் பேர் எழுதிக் குடுக்க மாட்டேன். இன்னொரு சாத்தியத்தையும் தள்ளிடக் கூடாது, புறாவுக்குப் போடற பயறு, குப்பையோட போன பயறு முளைச்சும் காலி மனைகள்ல நிக்கும். அது காட்டுச் செடி இல்ல, கடைப் பாசிப்பயறுதான். அது அவ்வளவா ஏறாது, குட்டையா நிமிந்து நிக்கும், விதை பெருசா இருக்கும். கணக்கு வேணும்னா, பயிர் பாசிப்பயறுல நூறு விதை 3, 4 கிராம் இருக்கும், காட்டுப் பாசிப்பயறுல நூறு விதை ஒரு கிராம் பக்கத்துலதான். விதை பொறுக்கறதும் சுலபமில்ல, காட்டுக் காய் காஞ்ச உடனே ரெண்டு தோலும் முறுக்கிக்கிட்டு வெடிச்சு விதையைத் தெறிச்சுடும், பயிர்ல அந்தக் குணத்தை மனுஷன் காலங்காலமா பொறுக்கி எடுத்தே குறைச்சுட்டான். பழுப்பாகி வெடிக்காம இருக்கற காய் மேல ஒரு பழைய துணியைக் கட்டி விடுங்க.

கடற்கரை ஓரமா ஈசிஆர் பக்கம் போறவங்க யாராவது இதைப் படிச்சா அவங்களுக்கு ஒரு வார்த்தை, மணல் மேல தடிப்பான உருண்டை இலையோட மஞ்சள் பூ பயறுக்கொடி பாத்தா விக்னா மரீனாவான்னு சந்தேகப்படலாம். அது உப்புத் தண்ணியைத் தாங்கற இனம், விதை கடல்ல மிதந்து போய் வேற கரையில முளைக்கும், அதனாலதான் உலகத்துல வெப்ப மண்டலக் கடற்கரை எல்லாத்துலயும் இருக்கு. படகு இதழ் முறுக்காது, அது ஒண்ணு போதும். பக்கத்துலயே ரோஸ் கலர்ல பெரிய பூவோட படர்றது வேற, அது கானவாலியா.

நெட்ல தேடறப்போ ஒரு விஷயம் கவனிங்க. கேம்பிள் 1915ல ஆரம்பிச்சு ஃபிஷர் 1936ல முடிச்ச மதராஸ் மாகாணத் தாவர நூல்ல இந்தப் பயறுகள் எல்லாம் பேஸியோலஸ்னு இருக்கும், இன்னைக்கும் நம்ம ஊர் பழைய பட்டியல்கள்ல அந்தப் பேர்தான் ஓடுது. பேஸியோலஸ் இப்போ அமெரிக்கக் கண்டத்து பீன்ஸ் வகைகளுக்கு மட்டும்தான், பாசிப்பயறு 1954லயும் உளுந்து 1956லயும் விக்னாவுக்கு வந்துடுச்சு, மத்ததெல்லாம் அதுக்குப் பின்னாடி வந்தது. பேஸியோலஸ்ல படகு இதழ் முழுச் சுருளா சுத்தியிருக்கும், இலையடிச் செதில் நடுவுல ஒட்டாது, அதனால பிரிச்சதுக்குக் காரணம் இருக்கு. பழைய பேரும் புதுப் பேரும் ஒரே செடிதான், ரெண்டு செடி கிடைச்சுடுச்சுன்னு நினைச்சுடாதீங்க.

சாப்பிடலாமாங்கறதுக்கு என் பதில், இந்த வேலியில இருந்து வேணாம். நரிப்பயறு மாட்டுக்குத் தீவனமா, நெல் அறுத்த வயல்ல பசுந்தாள் உரமா தமிழ்நாட்டுலயும் ஆந்திராவுலயும் விதைக்கறதுதான், விஷச் செடி கிடையாது. ஆனா பேர் இன்னும் உறுதியாகல, காலி மனை மண்ணுல என்னென்ன கொட்டியிருக்காங்கன்னும் நமக்குத் தெரியாது, அதுவும் போக அதே வேலியில குண்டுமணி ஏறியிருக்க நிறைய வாய்ப்பு இருக்கு. அதோட பூ ரோஸ், இலை புளிய இலை மாதிரி வரிசையா இருக்கும், விதை சிவப்பும் கறுப்புமா அழகா இருக்கும், மென்னு முழுங்கினா உயிருக்கே ஆபத்து. வீட்டுல குழந்தைங்க இருந்தா வேலியில இருந்து எந்த விதையையும் எடுத்து விளையாட விடாதீங்க.

மாடியில வளக்கறதுல எனக்கு ஆட்சேபனை இல்ல, சொல்லப்போனா வளங்கன்னுதான் சொல்லுவேன். காட்டுப் பயறு விதை அப்படியே போட்டா பாதி முளைக்காது, தோல் கெட்டி, தண்ணியை உள்ள விடாது. உப்புத்தாள்ல ரெண்டு தேய் தேய்ச்சு, தழும்பு இருக்கற பக்கம் படாம, ராத்திரி ஊற வெச்சா காலையில ஊதினது எதுன்னு தெரிஞ்சுடும், அதை மட்டும் போடுங்க. பூ வந்தப்புறம் கொத்துல பூக்காம்புகள் சேர்ற இடத்தை லென்ஸ்ல பாருங்க, குமிழ் மாதிரி வீங்கின சுரப்பி இருக்கும், அதுல தேன் கசியும், எறும்பு வரிசையா வந்து நிக்கும், எறும்பு மருந்து அடிச்சுடாதீங்க, அதுங்களால செடிக்கு நஷ்டம் இல்ல. செடி முடிஞ்சப்புறம் வேரைக் கழுவிப் பாத்தா உருண்டை உருண்டையா முடிச்சு இருக்கும், ஒண்ணை நகத்தால வெட்டினா உள்ள ரோஸா இருந்தா அது நைட்ரஜன் பிடிச்சுக்கிட்டு இருக்குன்னு அர்த்தம், வெளுத்துப் போயிருந்தா வேலை முடிஞ்சு போச்சு, இல்ல ஆரம்பிக்கவே இல்ல. காட்டுப் பாசிப்பயறுன்னே முடிவானா அதுக்கு மதிப்பு ஜாஸ்தி. மடகாஸ்கர்ல இருந்து கிடைச்ச டிசி1966ங்கற ஒரு காட்டுப் பாசிப்பயறுல, டப்பாவுல பயறைத் துளைக்கற அந்த வண்டுக்கு எதிர்ப்பு இருக்கறதை 1980கள்ல கண்டுபிடிச்சாங்க, பயிர் ரகங்களுக்கு அந்தக் குணத்தைக் கொண்டு வர்றதுக்கு அதைப் பயன்படுத்தியிருக்காங்க.

ஒரே ஒரு எச்சரிக்கை. மாடியில ஏற்கெனவே உளுந்தோ அவரையோ பீன்ஸோ வெச்சிருந்தா இதைத் தள்ளி வைங்க. இலையில மஞ்சளும் பச்சையுமா திட்டுத் திட்டா வர்ற மஞ்சள் தேமல் நோய், வெள்ளை ஈ கொண்டு வர்ற வைரஸ், காட்டுப் பயறுகள்ல தங்கி இருந்துட்டு அங்கேயிருந்து பயிருக்கு வரும். அந்த மாதிரி திட்டு ஒரு இலையில பாத்தாலும் கொடியை முழுசா பிடுங்கிடுங்க, மருந்து அடிச்சு குணமாகாது. அதுக்கு முன்னாடி எனக்கு மூணு போட்டோ மட்டும் எடுத்துப் போடுங்க: இலைக்காம்பு தண்டோட சேர்ற இடம், வெளிச்சத்துல திருப்பிப் பிடிச்ச இலையடி, ஒரு ரூபா காசு பக்கத்துல வெச்ச முத்தின காய். அதோட ஒரு பூங்கொத்து, இலை, காய் மூணும் இருக்கற துண்டு ஒண்ணை பழைய நியூஸ்பேப்பர்ல வெச்சு மேல கனமான புத்தகம் வெச்சு அழுத்தி வைங்க, எடுத்த தேதியும் இடமும் பென்சில்ல எழுதிடுங்க. போட்டோவுல முடிவாகலன்னா கோயம்புத்தூர்ல இருக்கற இந்தியத் தாவரவியல் ஆய்வகத்தோட (BSI) தென்மண்டல ஹெர்பேரியம், அதாவது காஞ்ச செடிகளைச் சேத்து வெச்சிருக்கற இடம், இருக்கு, பழைய மதராஸ் ஹெர்பேரியம் இப்போ அங்கதான், காஞ்ச செடி கையில இருந்தா ஒப்பிட்டுப் பாக்கறது அவங்களுக்கும் சுலபம்.